அவரிடமே சொல்லுங்கள்

கடலுக்குப் போனவரைப் பற்றித் தகவல் வராத வீட்டில் எப்படிச் செபிப்பது என்பதற்கு நான் படித்த மறைக்கல்விப் புத்தகம் எதிலும் பாடம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துச் செபக் குழுவை நடத்துகிற நாங்கள் அதை ஒருவர் பின்னால் ஒருவர் போய், பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். எனக்கு எங்கள் பங்கின் வயதான உபதேசியார் காட்டித் தந்தார். இப்போது என்கூட இளம்பெண்கள் வருகிறார்கள். வழியில் நடந்துகொண்டே அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலே இல்லாத ஊரில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்குள் போனதும் செபத்தைத் தொடங்கிவிடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. தரையில் உட்காருங்கள். நாற்காலி எடுத்துப் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டு அம்மா பாயில் கிடக்கும்போது நாம் மேலே இருந்துகொண்டு பேசக்கூடாது. டிவி ஓடிக்கொண்டிருந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாளா என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு கிளாஸ் கட்டன்சாயாவாவது உள்ளே போன பிறகுதான் செபமாலையைக் கையில் எடுக்க வேண்டும். அந்தச் சாயாவைப் போட்டுக் கொடுப்பதும் செபத்தில் சேர்ந்ததே. எலியா, போதும் ஆண்டவரே என்று சாவைக் கேட்டுச் சூரைச்செடியின் அடியில் படுத்தபோது வானதூதர் அவரைத் தட்டி எழுப்பிச் சொன்ன முதல் காரியம், எழுந்து சாப்பிடு என்பதுதான். தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார். தூதர் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். ஓரேபு மலைக்கு நடந்தது, ஆண்டவரின் குரலைக் கேட்டது எல்லாம் அதற்கு அப்புறம். முதல் அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. ஆண்டவர் வைத்த வரிசையை நாம் மாற்ற வேண்டியதில்லை.

பிறகு சும்மா இருங்கள். இதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் கஷ்டம். ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டும் என்று வாய் துடிக்கும். யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் அவருடைய துயரத்தின் பாரத்தைக் கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த நூலின் 42 அதிகாரங்களில் பெரும்பகுதி அவர்களுடைய வாக்குவாதம். அவர்கள் சொன்னதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்வது கடினம். பல வரிகள் நம் ஞாயிறு மறையுரைகளிலேயே வரக்கூடியவை. யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தார், என்னை ஏன் இலக்காக வைத்துக்கொண்டீர் என்று கடவுளையே கேட்டார். ஆனாலும் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் எலிப்பாசிடம், என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்.

இந்தத் தீர்ப்பு எனக்குப் புரியப் பல காலம் ஆயிற்று. நூல் முழுக்கத் தேடிப் பாருங்கள், நண்பர்களில் ஒருவர்கூடக் கடவுளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யோபு அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்போது பேச்சு திடீரென்று ஆண்டவர் பக்கம் திரும்பிவிடும். நீர் ஏன், நீர் எதற்கு, நீர் எவ்வளவு நாள் என்று அவரிடமே போய் நிற்பார். வீடு வீடாகப் போய்வந்து நான் உறுதியாக நம்புவது இதுதான்: நெருக்கடியில் விசுவாசம் கலைவதற்குக் காரணம் கவலை இல்லை. கவலையை ஆண்டவரிடம் சொல்லாமல் சுவரிடமும் அயல்வீட்டாரிடமும் தனக்குள்ளும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். சொற்களை மாற்ற வேண்டாம். அழுகையை அடக்க வேண்டாம். அதே சொற்களை, அதே அழுகையோடு அவர் பக்கம் திருப்பினால் போதும். எங்கள் வேலை அந்தத் திருப்பலுக்குத் துணை நிற்பது மட்டுமே.

எங்கள் மாவட்டத்துப் புனிதர் தேவசகாயத்தின் விசுவாசமே இப்படித்தான் தொடங்கியது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளைக்குக் கால்நடைகளும் பயிரும் அழிந்து மனம் உடைந்த காலம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே அரசின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை என்பது மரபு. உன் கஷ்டம் தீரும் என்று அவர் வாக்குக் கொடுத்ததாக அந்தக் கதையில் இல்லை. நீலகண்டனைப் போலவே எல்லாவற்றையும் இழந்து, கடவுளோடு வழக்காடிய ஒருவரை டிலனாய் அறிமுகப்படுத்தினார். நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு அவருக்கு வந்தது சிறையும் அடியும், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டும். நம்பினால் துன்பம் விலகும் என்று சொல்லி யாராவது அவரைச் சேர்த்திருந்தால் முதல் அடியிலேயே போயிருப்பார்.

அதனால் என்னோடு வருகிறவர்களிடம் சில பேச்சுகளைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுகிறேன். எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லக்கூடாது. உனக்கு நம்பிக்கை இருந்தால் உன் கணவர் வந்துவிடுவார் என்று சொல்லவே கூடாது. அவர் வராமல் போனால், தன் நம்பிக்கைக் குறைவுதான் அவரைக் கொன்றது என்று அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். அந்தச் சுமையை ஏற்றி வைக்கிற உரிமை நமக்கு யாரும் தரவில்லை.

திருப்புவது எப்படி என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் படகில் போயிருந்தான். தாய் வாசல்நடையில் இருந்துகொண்டு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ போவாத மக்கான்னு சொன்னேனே, கேட்டானா? எங்க கெடக்கானோ, என்ன தின்னானோ." சுற்றி இருந்தவர்கள், அழாதே அக்கா, அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் கேட்டார். பிறகு மெதுவாக, "எம்மா, இத ஆண்டவர்ட்ட சொல்லுவமா? நீ இப்ப சொன்னத அப்படியே" என்றார். அவள் திருஇருதயப் படத்தைப் பார்த்தாள். "ஆண்டவரே, போவாதன்னு சொன்னேனே, கேட்டானா? எங்க வச்சிருக்கீரு எம் பிள்ளைய? என்ன தின்னான்?" என்றாள். சில சொற்கள்தான் மாறியிருக்கின்றன. ஆனால் அதற்குமுன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஓர் இடத்தில் நின்றது. கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்றதும் குரல் மாறியது. கோபம் கூடியது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தை யாரும் அடக்கவில்லை. உபதேசியார் அதற்கு மேல் எதையும் சேர்க்காமல், கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரும் சொல்லுவோம் என்றார். செபம் அவ்வளவுதான். நான் பார்த்த செபங்களில் அதைவிட ஒருமுகமான செபம் இன்றுவரை இல்லை.

ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. புனித அந்திரேயா திருநாள். வலைகளை அப்படியே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன மீனவர்களின் நற்செய்தி வாசிக்கிற நாள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். எச்சரிக்கை வந்த நேரத்தில் பல படகுகள் கரைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. சில படகுகள் காற்றில் அடித்துக்கொண்டு போய் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் சேர்ந்தன. குமரிக் கரையிலிருந்து போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. யார் கரைசேர்ந்தார், யார் இல்லை என்று தெரியாத அந்த நாட்களில் எங்கள் வழிபாட்டுக் காலண்டரே எங்களுக்குப் பேசத் தெரியாததைப் பேசிற்று. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மறுநாள் டிசம்பர் 1, மாதத்தின் முதல் வெள்ளி. வெள்ளிக்கிழமை செபமாலையில் துயர மறையுண்மைகள். முதல் மறையுண்மை கெத்சமனித் தோட்டம். அதைச் சிந்திக்கும்போது ஒரு விஷயத்தை நாங்கள் இப்போது வாய்விட்டே சொல்கிறோம். இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று இயேசு முதலில் கேட்டார். உம் விருப்பப்படி ஆகட்டும் என்பது அதற்குப் பின்னால் வந்தது. முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்வது பக்தி என்று பலர் நினைக்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒப்புக்கொடுக்க முடியாது. ஒப்புக்கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் என் புருஷன் வீட்டுக்கு வர வேண்டும், இன்றைக்கே வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள் என்கிறேன். மூன்றாம் முறையும் இயேசு அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவளிடம், நம்பிக்கை இருந்தால் ஒரு தடவை போதும் என்று யாராவது சொன்னால், அந்த வசனத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

அந்த வெள்ளி இரவில் வந்ததுதான் எனக்கு மிகப் பெரிய துணை. திருச்சபையின் திருப்புகழ்மாலையில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவுச் செபத்துக்கு வைத்திருப்பது திருப்பாடல் 88. திருப்பாடல்களில் புலம்பல்கள் பல உண்டு. பெரும்பாலானவை கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. ஆழத்தையும் அலைகளையும் சொல்லி, கூட இருந்தவர்கள் விலகிப்போனதைச் சொல்லி, இருட்டிலேயே முடிந்துவிடும். உலகம் முழுக்கத் துறவிகளும் குருக்களும் ஒவ்வொரு வாரமும், கவலை இருக்கிறதோ இல்லையோ, படுக்கப் போகும்முன் இதைச் சொல்கிறார்கள். ஏனென்றால் அந்த இரவில் எங்கோ ஒரு வீட்டில் இதைச் சொல்லக்கூடிய நிலையில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வாய் வரவில்லை. அவருக்காக மற்றவர்கள் சொல்கிறார்கள். விடிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அந்தப் பாடலில், பகலும் இரவும் உம்மைக் கூப்பிடுகிறேன், காலையிலும் என் மன்றாட்டு உம்மிடம் வரும் என்ற பொருளில் மூன்று இடங்களில் அழைப்பு மட்டும் விடாமல் வருகிறது. எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற விசுவாசம் அவ்வளவுதான் இருக்கும். அது போதும்.

மூன்றாம் நாள் ஞாயிறு, டிசம்பர் 3. கோட்டாற்றில் புனித சவேரியார் திருநாளும் அன்றுதான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்பதால், அதற்குரிய முதல் வாசகம் எசாயாவின் 63, 64ஆம் அதிகாரங்களிலிருந்து. வானத்தைப் பிளந்துகொண்டு நீர் இறங்கி வரமாட்டீரா என்று இறைவாக்கினர் ஆண்டவரையே கேட்கிறார். எங்களை ஏன் வழிதவற விட்டீர் என்றும் கேட்கிறார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர்களுக்கு யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வாசகம் இல்லை இது. பல ஆண்டுகளுக்கு முன்பே அட்டவணையில் இருந்தது. இதனால்தான், நெருக்கடி வந்ததும் புதிதாக வசனம் தேடி அலையாதீர்கள், அன்றைய வாசகத்தை எடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நம் மனநிலைக்கு ஏற்ற வசனத்தை நாமே தேடும்போது நம் மனநிலைதான் திரும்பக் கிடைக்கும். அன்றைய வாசகம் வெளியிலிருந்து வருகிறது. சில நாள் பொருந்தாது. பொருந்துகிற நாளில், யாரோ நமக்கு முன்பே இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒரே ஒரு பகுதியை மட்டும் தகவல் வராத வீட்டில் நான் வாசிப்பதில்லை. இயேசு புயலை அடக்கிய மாற்கு 4ஆம் அதிகாரம். நம் கடற்கரையில் எல்லாருக்கும் பிடித்த பகுதி அது. ஆனால் இரையாதே, சும்மாயிரு என்று அவர் கட்டளையிட்டதும் காற்று அடங்கிய கதையை, காற்று அடங்காத கடலில் கணவனை விட்டவளிடம் முதல் வாரத்தில் வாசிப்பது அவளைக் கேள்வி கேட்பதாகிவிடும். காலம் போன பிறகு வாசிக்கலாம். அப்போது அதில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுவேன். நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்று சீடர்கள் அவரைத் தட்டி எழுப்பினார்கள். மரியாதையான செபம் இல்லை அது. மாற்கு எழுதியபடி பார்த்தால், இயேசு முதலில் கடலை அடக்கினார், பிறகுதான் ஏன் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் கேட்ட விதம் சரியில்லை என்று அவர் உதவியை நிறுத்தி வைக்கவில்லை. 2020 மார்ச் 27ஆம் தேதி மாலை, கொரோனாவில் உலகம் அடைபட்டுக் கிடந்தபோது, யாருமில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ் சிந்தித்ததும் இந்தப் பகுதியைத்தான். 

முதல் வாரத்தில் மீனவர்களிடம் நான் வாசிப்பது திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம், பவுலின் கப்பல் உடைந்த கதை. இதைக் கடற்கரையில் வாசிக்கிறபோது கேட்கிற விதமே வேறு. வாடைக் கொண்டல் கப்பலைப் பிடித்ததும் எதிர்த்து நிற்க முடியாமல் காற்றுப்போக்கில் விட்டார்கள் என்றதும் ஆண்கள் தலையாட்டுவார்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள், பிறகு கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள் என்றால் எவ்வளவு போயிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் பார்ப்பார்கள். இரவில் ஆழம் பார்த்தபோது 20 பாகம், கொஞ்சம் போனதும் 15 பாகம் என்று வரும் இடத்தில் வீடு நிசப்தமாகிவிடும். கரையோ பாறையோ அருகில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு பெரியவர், பின்பக்கத்தில் நான்கு நங்கூரம் போட்டார்கள் என்ற வரியில் என்னை நிறுத்தி, "பின்னாடியா?" என்று கேட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னார். முன்பக்கமான அணியம் கரையைப் பார்த்தபடியே நிற்க, விடிந்ததும் அப்படியே கரையில் ஏற்றலாம் என்று அவரே விளக்கமும் சொன்னார். அப்புறம் எனக்குப் பிடித்த இடம் வரும். பதினான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தவர்களைப் பார்த்து, விடியப் போகிற நேரத்தில் பவுல், சாப்பிடுங்கள் என்கிறார். எல்லார் முன்னாலும் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டுத் தானே முதலில் சாப்பிடுகிறார். கப்பலில் 276 பேர் என்று லூக்கா எண்ணிக்கை தருகிறார். அதில் விசுவாசிகள் சிலர்தான். கைதிகள், படைவீரர், மாலுமிகள் எல்லாரும் சாப்பிட்டார்கள். கப்பல் உடைந்துதான் போயிற்று. விசுவாசம் கப்பலைக் காப்பாற்றியதாக லூக்கா எழுதவில்லை. காற்று அடங்காத கப்பலில் ஒருவர் அப்பத்துக்கு நன்றி சொன்னார் என்று எழுதியிருக்கிறார்.

மனம் ஒரு நிலையில் நிற்காதபோது செபமாலை எதற்கு, வாய் ஒரு பக்கம் மனம் ஒரு பக்கம்தானே என்று இளையவர்கள் கேட்பார்கள். கலங்கிய நேரத்துக்குத்தான் அது மிகவும் பொருத்தம். சொந்தமாகச் சொல் தேட வேண்டியதில்லை. விரலுக்கு வேலை இருக்கிறது. ஐம்பத்து மூன்று மணியையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து மணி போதும். ஒவ்வொரு மணிக்கும் படகில் இருப்பவர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு அருள்நிறை மரியே செபத்தைத் தொடங்குங்கள். ஒரு தங்குகடல் படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், ஏறக்குறைய ஒரு பத்துமணிக்குச் சரியாக வரும். எண்ணம் ஓடினால் துரத்திக்கொண்டு போகாதீர்கள், அடுத்த மணிக்கு வாருங்கள், அடுத்த பெயருக்கு வாருங்கள். தன் பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த தாய், ஐந்தாவது மணியில் இன்னொருத்தியின் பிள்ளைக்காக வேண்டத் தொடங்கும்போது அவள் மூச்சு சீராவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒக்கி நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வீடு எழுந்து ஓடியது. அந்தப் படகு கிடைத்தது, இந்தப் படகு கிடைத்தது என்று வரும், பொய்யாகிப் போகும். விசுவாசத்தைக் கலைப்பதில் வதந்திக்கு நிகர் வேறில்லை. ஒவ்வொரு மணி நேரமும் நம்பிக்கையை ஏற்றி இறக்கிவிடும். வீட்டில் விவரமான ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து, மற்றவர்கள் வாங்கிப் பார்க்கக்கூடாது, உறுதியானது வந்தால் மட்டும் சொல் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

நாட்கள் போகப் போக, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலைதான் மிகக் கொடுமை. உயிரோடு திரும்பக் கொண்டுவாரும் என்று சொல்லவும் நா எழாது, ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கவும் மனம் வராது. செபித்தால் நாமே அவரைச் சாகடித்ததாகிவிடும் என்று மனைவி பயப்படுவாள். அப்போது திருப்பாடல் 139ஐ எடுங்கள். கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் அங்கேயும் உம் கை என்னைப் பிடிக்கும் என்ற கருத்து அதில் இருக்கிறது. உயிரோடு இருந்தாலும் அந்தக் கை, இல்லாவிட்டாலும் அந்தக் கை. இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி அவளை அது கேட்பதில்லை. எப்போது இரங்கல் திருப்பலி என்பதை வீட்டாரே முடிவு செய்யட்டும். அக்கம்பக்கத்தார் அவசரப்படுத்தக்கூடாது.

ஒக்கி வந்த அந்த டிசம்பர் 7ஆம் தேதி, காணாமல்போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். செபிக்கிற நேரத்தில் போராட்டமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் எப்போதும் செபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமையே, நடுவரின் வாசலைவிட்டு நகராத ஒரு கைம்பெண்ணைப் பற்றியதுதான். அவள் கேட்டது நீதி. கேட்பதை நிறுத்தாத அந்தப் பழக்கத்துக்குத்தான் இயேசு செபம் என்று பெயர் வைத்தார்.

உண்மையான சோதனை அதற்கெல்லாம் பிறகு வரும். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள், முழுநாளும் செபம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். படகுக் கடன் நிற்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கும். கோயிலில் தவறாமல் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு ஞாயிறு வரமாட்டாள், அடுத்த ஞாயிறும் வரமாட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். மனுவை எழுதிக் கொடுக்கப் போங்கள், வங்கிக்குத் துணைக்குப் போங்கள். ஆடையும் உணவும் இல்லாதவரிடம் சமாதானமாய்ப் போய் வா என்று மட்டும் சொல்வதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்டாரே, அந்தக் கேள்வி எங்களுக்கானது.

என்னால் இனிச் செபிக்க முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் வற்புறுத்த வேண்டாம். முடக்குவாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே இயேசு அவனிடம் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் எதுவும் சொன்னதாக அங்கே இல்லை. சரி மக்கா, நீ இரு, உனக்கும் சேர்த்து நாங்க சொல்றோம் என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே சொல்லுங்கள். இரவு படுக்கும்முன் அவள் பெயரைச் சொல்லுங்கள்.

காற்று வரும் முன்பு பழகியதுதான் காற்றில் நிற்கும். அதனால் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் திருப்பாடல் 13ஐ மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆறே வசனம். எவ்வளவு காலம், எவ்வளவு காலம் என்று நான்கு முறை ஆண்டவரிடமே கேட்கிற பாடல். மகிழ்ச்சியான பாடல் ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமே என்று ஒரு தாய் கேட்டாள். அதுவும் உண்டு. இதுவும் வேண்டும்.

மேற்குக் கரையில் ஜூலை 31ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகுகளை மந்திரித்துக் கடலில் இறக்கும் முன் அன்பியத்தின் சார்பில் ஒரு நோட்டைக் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம். யார் யார் போகிறார்கள் என்று படகுக்காரரிடம் கேட்டு எழுத வேண்டும். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்கள் இருப்பார்கள். எல்லாரும் நம் சபைக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. பவுலின் கப்பலிலும் அப்படி இல்லை. அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்று படகுக்காரர் விட்டுவிடப் பார்ப்பார். விடாதீர்கள். அந்தப் பையனையே கூப்பிட்டு, எப்படிச் சொல்வது என்று கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை செபமாலையில் அந்தப் பெயரையும் ஒரு மணிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.